ராணிக்கெட்டுக்கு ராணிப்பேட்டை!

பாளையங்கோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் 11 கோழிகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. சேவலுக்குப் பெயர் தாசில்தார். (யாரையும் மதிக்காது!)

பிப்ரவரியில், "ஏய்யா, தெருமுனையில கோழிக்கு ஊசி போடுதாங்களாம். கூடையத் தூக்கிட்டுப் போயேன்" என்றார் ஆச்சி.

"கோழிக்கெல்லாம் எதுக்கு ஆச்சி ஊசி? ஆபீஸுக்கு நேரமாச்சு" என்று ஸ்கூட்டரை உதைத்தேன்.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை தாசில்தார் தூங்கி வழிந்தது. செவ்வாய், பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். புதன், கழுத்து முறுக்கிக்கொண்டது. வியாழன் காலை ஆச்சி வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அன்றைக்குத்தான் ஐயாவுக்கு லீவு கிடைத்தது! மிச்சக் கோழிகளோடு கால்நடை மருந்தகத்துக்கு ஓடினேன்.

"நனைஞ்சு முடிச்சிட்டு வந்து குடை கேக்கீங்களே, சார்!" என்றார் டாக்டர்.

வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். வந்தபின் குணமாக்க மருந்து கிடையாது. ஊசி, ஆரோக்கியமான கோழிக்கு மட்டும்தான். 1926-ல் இங்கிலாந்தில் நியூகாசில் ஊரில் தென்பட்டதால் அங்கே 'நியூகாசில் நோய்'. நமக்கு, இமயமலை ராணிக்கெட் ஊரின் பெயரில் 'ராணிக்கெட் நோய்'. தடுப்பு மருந்து தயாராவதோ ராணிப்பேட்டையில்! கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அங்கே 1932-லிருந்து இயங்குகிறது. நான் இரண்டு ஊரையும் ஒன்றென்று நினைத்து டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

குஞ்சு பொரித்த ஒரு வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. அவ்வளவுதான். மருந்து மட்டும் கடைசிவரை ஐஸிலேயே இருக்க வேண்டும். கோடைக்கு முன்னால், பெரும்பாலும் பிப்ரவரியில், தமிழ்நாடு முழுக்க இரண்டு வாரம் இலவசமாகவே போடுகிறார்கள்.

லண்டன்காரர் வீட்டில் வளர்க்கும் முயலுக்குக்கூட வருஷா வருஷம் வைரஸ் தடுப்பூசி போடுகிறார். நமக்குத்தான் 'கோழிதானே!' என்ற இளக்காரம். தாமிரபரணிக் கரை கிராமங்களில் கோழி என்பது பெண்களின் பாங்க் பாஸ்புக் சார்! நோட்டு வாங்க ஒரு விடை, கொடைக்கு ஒரு சேவல் என்று அதிலிருந்துதான் 'வித்டிரா' ஆகும். பி.காம். படித்த எனக்கு இந்தக் கணக்கு விளங்க ஒன்பது கோழிகள் போக வேண்டியிருந்தது.

மிஞ்சிய இரண்டில் ஒன்று அடைகாத்து, மறுபடி முற்றம் நிறைந்தது. இந்தப் பிப்ரவரியில் நானே கூடையோடு வரிசையில் நின்றேன்.

"பேரு?" என்றார் நோட்டும் கையுமாக இருந்தவர்.

"தாசில்தார்."

அவர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். கூடைக்குள்ளிருந்து தாசில்தார் கூவியபிறகுதான் உட்கார்ந்தார்.