கூடையில் விதைக்கும் திருவிழா

எங்கள் சேலம் பக்கம் ஆடி முதல் நாள் என்றால் தேங்காய் சுடும் பண்டிகை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த நாளில் நான் ஊரில் இல்லை. உத்தரகாண்ட் மாநிலம் குமாவுன் பகுதியில், அல்மோரா பக்கத்து மலைக் கிராமம் ஒன்றில் இருந்தேன். மலைப் பயிர் விதைகளைப் பார்க்கப் போன பயணம் அது. வங்கி வேலையில் சில வருஷம் வடக்கே இருந்ததால் இந்தி சமாளிப்பேன்.

காலையில் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி என்னை மணையில் உட்கார வைத்தார். ஒரு பிடி இளம் நாற்றை எடுத்து என் பாதம், முழங்கால், தோள் என்று தொட்டுக்கொண்டே வந்து, கடைசியில் தலையில் வைத்து வாழ்த்தினார். அறுபத்துநாலு வயசுக்காரனுக்குக் கண் கலங்கிப் போச்சு. அன்றைக்கு அங்கே ஹரேலா பண்டிகை.

பத்து நாள் நாற்று

ஹரேலா என்றால் பசுமை என்று பொருள் கொள்ளலாம். அவர்களுடைய சிராவண மாதம் முதல் நாள், நமக்கு ஆடி 1. ஒன்பது, பத்து நாள் முன்னாலேயே சின்ன மூங்கில் கூடையிலோ இலைத் தொன்னையிலோ சலித்த மண்ணைப் போட்டு ஐந்து அல்லது ஏழு வகைத் தானியம் விதைக்கிறார்கள். நெல், கோதுமை, பார்லி, மக்காச்சோளம், உளுந்து, கொள்ளு, கடுகு என்று வீட்டுக்கு வீடு மாறும். வெயில் படாமல் சாமி இடத்தில் வைத்துத் தினமும் தண்ணீர் தெளிக்கிறார்கள். முந்தின நாள் ஒரு குச்சியால் லேசாகக் கொத்தி விடுகிறார்கள், களையெடுப்பு மாதிரி. களிமண்ணில் சிவன், பார்வதி உருவம் செய்து வைத்துப் பூஜையும் உண்டு. பத்தாம் நாள் அறுவடை. நாற்று எவ்வளவு செழிப்போ, அந்த வருஷ வெள்ளாமையும் அவ்வளவு செழிப்பு என்பது நம்பிக்கை. வெளியூர்ப் பிள்ளைகளுக்குக் கடித உறையில் வைத்து நாற்றை அனுப்புகிற வழக்கமும் இருக்கிறது. அன்றைக்கு மரக்கன்றும் நடுகிறார்கள்.

பார்த்ததும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? அதேதாங்க, முளைப்பாரி!

நம்ம மாசக் கணக்குதான்

குமாவுன் மக்களின் முக்கியப் பண்டிகைகள் பல, நம்மைப் போலவே சூரிய மாதப் பிறப்பில் வருகின்றன. பங்குனி 1 வாக்கில் பூல் தேயி. குழந்தைகள் காட்டுப் பூ பறித்து வந்து வீட்டு வாசற்படிகளில் தூவுவார்கள். ஆவணி 1 நெய் சங்கராந்தி. மழைக்காலப் புல் தின்று மாடு நன்றாகக் கறக்கிற நேரம். அன்றைக்கு நெய் சாப்பிடாதவர் அடுத்த பிறவியில் நத்தையாகப் பிறப்பார் என்று கேலியாகச் சொல்வார்கள்.

தை 1 உத்தராயணி. வெல்லம் கலந்த மாவைப் பல வடிவத்தில் பொரித்து, மாலையாகக் கோத்துக் குழந்தைகள் கழுத்தில் போட்டுக்கொண்டு காக்கையைக் கூப்பிடுவார்கள். நம் வீடுகளில் கணுப்பிடி வைப்பது போலத்தான்.

அதே நாளில் சரயுவும் கோமதியும் கூடும் பாகேஷ்வரில் பெரிய சந்தை கூடும். முன்பெல்லாம் ஜோஹார் பள்ளத்தாக்கு வணிகர்கள் திபெத்து உப்பும் கம்பளியும் கொண்டுவந்து தானியத்துக்கு மாற்றிப் போனார்கள். 1962 போருக்குப் பின் அந்த வணிகம் நின்றது. இன்னொரு சங்கதியும் உண்டு. வெள்ளைக்கார அதிகாரிகளின் மூட்டையைக் கூலியில்லாமல் சுமக்க வேண்டும் என்று ஒரு கட்டாயம் மலைக் கிராமங்களில் இருந்தது. 1921-ல் இதே சந்தையில் பத்ரி தத் பாண்டே போன்றோர் தலைமையில் கூடிய ஜனங்கள், அந்தக் கூலிப் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் வீசி அதற்கு முடிவு கட்டினார்கள். சந்தை என்றால் வாங்கி விற்பது மட்டும் இல்லை என்பது அங்கே புரியும்.

யாருடைய விதை?

பாட்டியிடம், "இந்த ஏழும் உங்க நிலத்து விதையாம்மா?" என்று கேட்டேன்.

"கொள்ளும் உளுந்தும் மட்டும்தான் தம்பி என்னோடது. கோதுமை ரேஷன் கடை. மத்தது பஜார்ல வாங்கினது" என்றார். ஆள் எல்லாம் சமவெளிக்குப் போயாச்சு. குரங்கும் காட்டுப்பன்றியும் மிச்சம் வைப்பதில்லை. கீழே ஏழெட்டுப் படி நிலம் புதர் மண்டிக் கிடந்தது.

"அப்ப இந்தக் கூடை யாரோட விதையைச் சோதிக்குது?" என்றேன்.

"ரேஷன் கடையோடதைத்தான்!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம், நான் எடுத்து வைத்த தூயமல்லி விதைநெல் நாற்றங்காலில் பாதிகூட முளைக்கவில்லை. சரியாகக் காய வைக்காமல் பிளாஸ்டிக் சாக்கில் கட்டி வைத்த வினை. மறுபடி விதை தேடி அலைந்ததில் பருவம் தப்பிப் போச்சு. பத்து நாள் முன்னால் ஒரு சின்னக் கூடையில் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். முப்பது வருஷம் பயிர்க்கடன் கொடுத்தவன் நான். "உங்க விதை முளைக்குமா?" என்று ஒரு விவசாயியைக்கூடக் கேட்டதில்லை. விதைக்கடை ரசீது இருந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் ஊர் மாரியம்மன் முளைப்பாரிக்கும் இப்போது மளிகைக் கடை நவதானியப் பொட்டலம்தான். பாட்டி கதைதான் நம் கதையும்.

ஆனால் வழி இல்லாமல் இல்லை. குமாவுனுக்குப் பக்கத்து கட்வால் பகுதியில், 1980-களில் விஜய் ஜர்தாரி போன்ற விவசாயிகள் 'பீஜ் பசாவோ ஆந்தோலன்' என்ற விதைக் காப்பு இயக்கத்தைத் தொடங்கினார்கள். கேழ்வரகு, கீரைத்தண்டு விதை, ராஜ்மா, கொள்ளு, உளுந்து எல்லாம் ஒரே வயலில் வளரும் 'பாரஹ்நாஜா' என்ற பன்னிரு தானியக் கலப்பு விதைப்பை மீட்டெடுத்தார்கள். மானாவாரிக்காரர்கள் கவனிக்க வேண்டிய முறை.

வீட்டிலேயே சோதிக்கலாம்

விதைக்கும் முன் 100 விதையை எண்ணி எடுங்கள். ஈரத் துணியிலோ சணல் சாக்கிலோ வரிசையாகப் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்து நன்றாக முளைத்ததை எண்ணுங்கள். சான்று விதை என்றால் நெல்லுக்கு 80, உளுந்துக்கு 75 முளைக்க வேண்டும். நம்முடையது குறைந்தால் விதை அளவைக் கூட்டலாம். ரொம்பக் குறைந்தால் நேரம் இருக்கும்போதே வேறு விதை தேடலாம்.

போன வருஷம் திருவிழாவுக்கு எங்கள் தெருப் பெண்களிடம், "மளிகைப் பொட்டலம் வேண்டாம்மா, அவங்கவங்க வீட்டு விதையைப் போடுங்க" என்று கேட்டுப் பார்த்தேன். நாலு வீட்டில் போட்டார்கள். எங்கள் வீட்டுப் பானையில் தட்டைப்பயறு பொய்த்துவிட்டது. நல்லவேளை, பானையில் பொய்த்தது. பக்கத்து வீட்டம்மா ஒரு படி விதை கொடுத்தார். அதைத்தான் ஆடியில் விதைத்தேன்.