பழமே இல்லாத பழ பன்னும் நம் வீட்டுப் பூரண பன்னும்

சாயங்காலம் நாலு மணிக்குக் கோவையில் எந்த பேக்கரி வாசலில் நின்று பார்த்தாலும், கண்ணாடி அலமாரிக்குள் ஒரு தட்டு நிறைய ‘ப்ரூட் பன்’ பளபளவென்று உட்கார்ந்திருக்கும். மேலே சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பொடிப்பொடித் துண்டுகள். பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தை விரலை நீட்டுவது அதை நோக்கித்தான். மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் ஷிப்ட் போகிறவர்களுக்குப் பல நாள் டீயும் பன்னுமே காலை ஆகாரம். ஆனால் அந்த ‘ப்ரூட்’ என்ன ப்ரூட் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

பப்பாளிங்க! அதுவும் பழுக்காத பச்சைக்காய். தோலைச் சீவிப் பொடியாக நறுக்கி, வேகவைத்து, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு, சாயம் ஏற்றி உலர்த்தினால் டூட்டி ப்ரூட்டி ஆகிவிடும். பச்சைப் பப்பாளிக்குத் தனக்கென்று பெரிய ருசி கிடையாது. எந்தப் பாகில் போட்டாலும் அந்தப் பாகின் ருசியைக் குடித்துக்கொள்ளும், உடையாமல் நிற்கும். அதுதான் அதற்கு இத்தனை கிராக்கி.

நம் கொங்குச் சீமைக்கும் இந்தத் துண்டுக்கும் ஓர் உறவு உண்டு. கோவை, திருப்பூர் பக்கத்துத் தோட்டங்களில் பப்பாளியைப் பழத்துக்கு மட்டும் வளர்ப்பதில்லை, பாலுக்காகவும் வளர்க்கிறார்கள். காய் மரத்தில் இருக்கும்போதே, வெயில் ஏறுவதற்குள், பிளேடால் தோலில் கோடு போடுவார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான். வடிகிற பாலைச் சேர்த்து உலர்த்தினால் அதுதான் பப்பெய்ன். மருந்துக்கும், இறைச்சியை மிருதுவாக்கவும், தோல் பதனிடவும் போகிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1979-ல் தந்த கோ.2, 1985-ல் தந்த கோ.5 ஆகிய ரகங்கள் பால் எடுக்கப் பேர்போனவை. பால் எடுத்த காயின் தோலெல்லாம் கீறலாக இருப்பதால் சந்தையில் அதை யாரும் கையால் தொட மாட்டார்கள். உள்ளே சதையோ நன்றாகவே இருக்கும். அந்தக் காய்க்கு டூட்டி ப்ரூட்டி நல்ல வழி. விவசாயிக்கும் நாலு காசு கிடைக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

என் குறை வேறு. பாகையும் சாயத்தையும் தின்றுவிட்டுப் பழம் தின்றதாகக் குழந்தையும் நினைக்கிறது, காசு கொடுத்த நாமும் நினைக்கிறோம். அதே நேரம் வீட்டில் வாழைத்தார் ஒன்றாகப் பழுத்து, ஈ மொய்த்து, கடைசி இரண்டு சீப்பு மாட்டுக்குப் போகிறது. அந்தப் பழம் பன்னுக்குள் போகக் கூடாதா?

போகலாம். போளியும் கொழுக்கட்டையும் செய்கிற கைக்குப் பூரணம் வைப்பது புது வித்தை இல்லை. அய்யங்கார் பேக்கரிக்காரர்கள் இதைத்தான் செய்தார்கள். 1898-ல் பெங்களூர் சிக்பேட்டையில் திருமலாச்சார் ஆரம்பித்த பி.பி. பேக்கரி அந்த வரிசையில் முன்னோடி. முட்டை சேர்க்காமல், நமக்குப் பழகிய தேங்காய்ப் பூரணத்தை மேல்நாட்டு மாவுக்குள் வைத்துத் தேங்காய் பன், தில்பசந்த் என்று கொடுத்தார்கள். அங்கே ஐரோப்பாவில், செக் நாட்டுப் பெண்கள் ‘கோலாச்’ என்று ஒரு பன் செய்கிறார்கள். அதற்கு வைக்கிற ப்ளம்ஸ் பழத்தை மணிக்கணக்காகக் கிண்டிக் கிண்டிக் களிம்பு போல் இறுக்கி எடுத்துக்கொள்வார்களாம். நம் அல்வாவின் பக்குவம்தான், பேர்தான் வேறு.

பழ பன்னின் சூட்சுமம் முழுக்க இங்கேதான் இருக்கிறது, சகோதரிகளே. பழத்தை அப்படியே நறுக்கி மாவுக்குள் வைத்தால் ஓவன் சூட்டில் அது தண்ணீர் விடும். ஆவி மேலே எழும்பிப் பன்னுக்குள் ஒரு குகையை உண்டாக்கும், தண்ணீர் கீழே இறங்கி அடிப்பாகத்தைக் களியாக்கும். மேலே நன்றாகச் சிவந்திருக்கிறது, பிட்டால் உள்ளே வேகவில்லை என்று பலர் சொல்வதற்கு இந்த ஈரம்தான் பெரும்பாலும் காரணம். அதனால் பழத்தை முதலில் அடுப்பில் வற்றவைக்க வேண்டும். எவ்வளவு என்றால், கரண்டியால் ஒரு கோடு இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரிந்து, அந்தக் கோடு உடனே மூடாமல் நிற்க வேண்டும். ஆறிய பிறகு எலுமிச்சை அளவு உருட்டினால் கையில் ஒட்டாமல் உருண்டையாக நிற்கும். நன்றாக ஆறிய பிறகே உள்ளே வைக்கவும். சூடாக வைத்தால் மாவில் உள்ள வெண்ணெய் இளகி ஓரம் ஒட்டாது.

நான் அடிக்கடி செய்வது நேந்திரன் பூரணம். தோல் கறுக்கும் அளவுக்குப் பழுத்த பழமாகத் தோல் உரித்து அரைக் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். மசித்து, ஒரு மேசைக்கரண்டி நெய்யில் வதக்கி, நூறு கிராம் நாட்டுச் சர்க்கரை, அரை கப் துருவிய தேங்காய், ஏலக்காய் இரண்டு சேர்த்துக் கிண்டினால் கால் மணிக்குச் சற்று மேலே பிடிக்கும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை கிடைத்தால் நிறமும் மணமும் தனி. தேங்காயைப் பற்றி பொள்ளாச்சிப் பக்கத்தில் இருந்துகொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை. பூவன் பழமானால் புளிப்பு இருக்கும், சர்க்கரையை ஒரு பிடி கூட்டுங்கள். பழனிக்குப் போய் வந்து மிச்சம் இருக்கும் பஞ்சாமிர்தத்தையும் இப்படி இறுக்கி வைக்கலாம். பிரசாதத்தை அடுப்பேற்றுவதா என்று தோன்றுகிறவர்கள் விட்டுவிடுங்கள்.

கோடையில் நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக ப்ளம்ஸ் இறங்கும்போது அதைச் செய்து பாருங்கள். புளிப்பும் இனிப்புமாகப் பிரமாதமாக இருக்கும். மாம்பழம் நல்லதுதான். ஆனால் தண்ணீர் அதிகம், நேரம் பிடிக்கும். பொறுமை இல்லாத நாளில் பேரீச்சம்பழம் போதும், கொட்டை எடுத்து இரண்டு கரண்டி வெந்நீரில் மசித்தால் ஐந்து நிமிஷத்தில் பூரணம்.

அன்னாசிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அன்னாசியைப் பச்சையாகத் தின்றால் நாக்கு அரிக்கிறதல்லவா? அதில் உள்ள ஒரு சத்து புரதத்தைக் கரைக்கக் கூடியது. பப்பாளிப் பாலின் குணமும் அதுவே. மைதா மாவு ரப்பர் போல இழுபடுவது அதிலுள்ள புரதத்தால்தான். பச்சை அன்னாசியோ பப்பாளியோ பட்டால் மாவு தளர்ந்து, எழும்பின பன் தட்டையாகிவிடும். பிஸ்கட் தயாரிப்பில் மாவைத் தளர்த்துவதற்கென்றே பப்பெய்ன் சேர்ப்பது உண்டு. நமக்கு வேண்டியது பன்னாச்சே! நன்றாகக் கொதித்து வெந்துவிட்டால் அந்த வேகம் அடங்கிவிடும்.

இனி மாவு. பன்னிரண்டு பன்னுக்கு மைதா 500 கிராம். இதில் நூறு கிராமை எடுத்துவிட்டுக் கோதுமை மாவு போட்டால் தப்பில்லை, முழுக்கக் கோதுமையானால் பன் கனத்துப் போகும். சர்க்கரை 60 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், வெதுவெதுப்பான பால் கால் லிட்டர், வெண்ணெய் 50 கிராம். இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டை நேராக மாவிலேயே கலக்கலாம். கடுகு மாதிரி உருண்டையாக இருக்கும் உலர் ஈஸ்ட் என்றால் கொஞ்சம் பாலில், ஒரு சிட்டிகை சர்க்கரையோடு பத்து நிமிஷம் ஊறவிடுங்கள். நுரைத்து வந்தால் உயிர் இருக்கிறது, வராவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். அந்த ஈஸ்ட்டில் மாவைப் பிசைவது வீண்.

பாலின் சூட்டுக்குத் தெர்மாமீட்டர் தேட வேண்டாம். கைக்குழந்தைக்குப் பால் ஆற்றும்போது மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போமே, அந்தச் சூடுதான், ஏறக்குறைய 40 டிகிரி. 60 டிகிரியை நெருங்கினால் ஈஸ்ட் செத்துவிடும்.

வெண்ணெய் தவிர மற்றதைச் சேர்த்துப் பிசைந்து, மாவு ஒன்றாகத் திரண்ட பிறகு வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கையில் ஒட்டுகிறதே என்று மாவைத் தூவிக்கொண்டே போகக் கூடாது. பரோட்டா மாவுக்குப் போல இழுத்து, மடித்து, அழுத்திப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் பிசைந்தால் தானே ஒட்டாமல் வழவழப்பாகிவிடும். ஒரு துண்டைப் பிய்த்து விரலால் விரித்தால் கிழியாமல் கண்ணாடித்தாள் போல மெல்லிசாக வர வேண்டும்.

பிறகு எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மூடி வைக்க வேண்டும். எங்கள் மாமியார் முதல் தடவை பார்த்தபோது, “இதென்ன அம்முணி, மாவைத் தூங்க வெச்சுப் போட்டு நீ காவல் உக்காந்திருக்கறே?” என்றார். உண்மையில் காவல் தேவைதான். இட்லி மாவு போலவே இதற்கும் காலம் தெரியும். சித்திரையில் முக்கால் மணியில் இரண்டு பங்காகிவிடும், மார்கழியில் இரண்டு மணி நேரம்கூட ஆகும். கடிகாரத்தை விட்டுவிட்டு மாவைப் பாருங்கள். விரலை மாவில் தோய்த்து அழுத்தினால் பள்ளம் மெதுவாக, பாதி மட்டும் மேலே வர வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் வீட்டுச் சமையலறை வரை வந்துவிடுகிறதே, அந்த நாளில் மாவின் மேல் ஏடு கட்டி வெடிக்கும். ஈரத்துணி போட்டு மூடி, ஜன்னலையும் சாத்திவிடுங்கள்.

எழும்பிய மாவைக் காற்று போக அழுத்திப் பன்னிரண்டாகப் பிரித்து, நடு கனமாகவும் ஓரம் மெல்லிசாகவும் கையால் தட்டி, முப்பது கிராம் பூரணம் வைத்து, கொழுக்கட்டை போல ஓரங்களைக் கூட்டிக் கிள்ளி, கிள்ளின பக்கம் அடியில் வரும்படி தட்டில் வையுங்கள். ஓரத்தில் பூரணம் பட்டால் ஒட்டாது. மறுபடி அரை மணிக்குச் சற்று மேலே ஓய்வு. மேலே பால் தடவி, 190 டிகிரியில் முன்னாலேயே சூடாக்கிய ஓவனில் பதினெட்டிலிருந்து இருபது நிமிஷம். எடுத்தவுடன் வெண்ணெய் தடவினால் மேல் தோல் மெத்தென்று இருக்கும்.

ஓவன் இல்லாத வீடுகளுக்கு இரண்டு வழி. கனமான குக்கரில் உப்பைப் பரப்பி, உள்ளே ஒரு வளையம் வைத்து, ரப்பரையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, பத்து நிமிஷம் காயவிட்டுத் தட்டை வைத்து, சிறு தணலில் அரை மணி நேரம். அடி சிவக்கும், மேல் வெளுத்தே இருக்கும், ருசிக்குக் குறைவில்லை. இன்னொன்று, இட்லிப் பானையில் பதினைந்து நிமிஷம் ஆவியில் வேகவைப்பது. சீனர்கள் பன்னை இப்படித்தான் வேகவைக்கிறார்கள். பல் முளைத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கும் பல் போன தாத்தாவுக்கும் இது சௌகரியம். எனக்கென்னவோ சிவந்த பன்தான் பன்.

வீட்டில் செய்தது, நாட்டுச் சர்க்கரை போட்டது என்பதால் கணக்குப் பாராமல் கொடுத்துவிடக் கூடாது. மேலே சொன்ன அளவில் ஒரு பன்னுக்குச் சேர்த்த சர்க்கரை மட்டும் 13 கிராம், மூன்று தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. பழத்தின் இனிப்பு தனி. வளர்கிற குழந்தைக்குச் சாயங்காலம் ஒன்று, ஒரு டம்ளர் பால், அவ்வளவு போதும். இரண்டு வயது ஆகாத குழந்தைக்குச் சர்க்கரை சேர்க்காத பழமே நல்லது. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான்.

குழந்தை அந்தச் சிவப்புத் துண்டுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அதையும் வீட்டில் செய்யலாம். அரைக் கிலோ பச்சைப் பப்பாளியைப் பொடியாக நறுக்கிக் கண்ணாடி போலாகும் வரை வேகவைத்து வடித்து, கால் கிலோ சர்க்கரைப் பாகில் பீட்ரூட் சாறு விட்டுக் கொதிக்கவிட்டு, ஒரு நாள் ஊறிய பின் நிழலில் உலர்த்துங்கள். கடைச் சிவப்பு வராது, கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் பச்சைப் பப்பாளி வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வதை நானும் கடைப்பிடிக்கிறேன்.

ஒரே நாளில் தின்று தீராவிட்டால் ஆறிய பிறகு மூடி வைத்து மறுநாள் தோசைக்கல்லில் மூடி போட்டுச் சூடு செய்யுங்கள். அக்கம்பக்கத்தில் கேட்கிறார்களே, விற்கலாமா என்று யோசிக்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு ஆரம்பியுங்கள், வீட்டு வியாபாரத்துக்கும் அது கட்டாயம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அடுமனைப் பண்டங்கள் செய்ய அவ்வப்போது பயிற்சி நடத்துகிறார்கள், கட்டணம் கட்டிச் சேரலாம். விற்பதற்கென்று செய்யும்போது பூரணத்தில் தேங்காயை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வெயில் காலத்தில் மறுநாளே வாடை தட்டிவிடும்.