குலுக்கம், உதறல், இழுப்பு: அசைவைச் சொல்லும் சொற்களில் கவனம் தேவை

சீரற்று, விட்டு விட்டு, எதிர்பாராத வேளையில் வெட்டி அசையும் இயக்கத்தை ஆங்கிலத்தில் 'ஜெர்க்கி' என்னும் ஒரே பெயரடையால் குறித்துவிடுகின்றனர். தமிழில் அதற்கு நிகரான சொல் யாது என்ற வினா மொழிபெயர்ப்பாளர்களிடையே அடிக்கடி எழுவதுண்டு. 'திடீர் அசைவு' என்றோ 'குலுங்கும் இயக்கம்' என்றோ எழுதி அமைதி காண்பதே வழக்கமாகிவிட்டது. இவ்விரண்டும் பொருளைப் பாதியே உணர்த்துகின்றன என்பது எமது கருத்தாகும்.

தமிழ் இத்தகைய அசைவைப் பெயரடையால் அன்றி வினையாலும் அடுக்குச் சொற்களாலுமே இயல்பாக உணர்த்துகின்றது. 'வெட்டி வெட்டி', 'நின்று நின்று', 'விட்டு விட்டு' என்பன அடுக்குகள். 'தடதட', 'கடகட', 'வெடவெட' என்பன பிரித்தால் பொருள் தராத இரட்டைக்கிளவிகள். இவற்றைத் தொல்காப்பியமே தனித்து எடுத்துக் கூறியுள்ளது. ஆகவே ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தேடுவதை விடுத்து, அசைவின் தன்மையை முதலில் நோக்குதல் வேண்டும்.

மலையகப் பாதைகளில் பயணம் செய்வோர் இவ்வேறுபாடுகளை நன்கறிவர். குன்றும் குழியுமான தோட்டப் பாதையில் பஸ் வண்டி 'குலுங்குகின்றது'. இது தொடர்ந்து மேலும் கீழுமாக நிகழும் அசைவு. பள்ளமொன்றில் சில்லு விழுந்து எழும்போது 'தூக்கிப் போடுகின்றது'. இது ஒரு தடவை மட்டும் நிகழ்வது. பனிக்காலை வேளையில் இயந்திரம் சூடேறும் வரை வண்டி 'உதறுகின்றது'. எரிபொருள் சீராகச் செல்லாதபோது 'வெட்டி வெட்டி இழுக்கின்றது'. சமநிலை தவறிப் பக்கவாட்டில் சாய்ந்தாடுவது 'தள்ளாட்டம்'. 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை எட்டிய புகையிரதப் பாதையின் வளைவுகளில் பெட்டிகள் 'ஆடுகின்றன'. புறப்படும் கணத்தில் மட்டுமே 'வெடுக்கென' இழுபடுகின்றன. கொழுந்து பறிக்கும் தொழிலாளியும் ஹட்டன் கடைத்தெருவின் முஸ்லிம் வர்த்தகரும் இச்சொற்களைப் பொதுவாகவே ஆளுகின்றனர்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2023 ஜனவரியில் நானுஓயாவில் நிகழ்ந்த விபத்தில் ஏழு பேர் உயிரிழந்தனர். 2025 மே மாதம் கொத்மலை, கரண்டி எல்லப் பகுதியில் பஸ் வண்டி பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய விபத்துகள் யாவற்றுக்கும் 'கட்டுப்பாட்டை இழந்து' என்ற ஒரே தொடரே செய்திகளில் பயன்படுகின்றது. வண்டி உதறியதா, ஒரு பக்கம் இழுத்ததா, தள்ளாடியதா என உயிர் தப்பியவர் கூறுவது வெவ்வேறு காரணங்களைச் சுட்டக்கூடும். ஒரு பக்கம் இழுப்பது சில்லையோ தடுப்புக் கருவியையோ ஐயுறச் செய்யும். தள்ளாட்டமோ அளவு கடந்த பாரத்தையும் சாரதியின் களைப்பையும் நினைவூட்டும். சாட்சியின் சொல்லை மாற்றி எழுதினால் அந்தத் தடயம் அழிந்துபோகின்றது.

வைத்தியசாலையில் நிலைமை இன்னும் பாரதூரமானது. 'இழுப்பு' என்பதை எம்மக்கள் மூன்று பொருளில் வழங்குகின்றனர். மூச்சிரைப்பும் இழுப்பு, வலிப்பும் இழுப்பு, பாரிசவாதத்தால் வாய் கோணுவதையும் 'ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது' என்றே சொல்கின்றனர். 'வலிப்பு' என்ற சொல்லுங்கூட, இழுத்தல் எனப் பொருள்படும் 'வலி' என்னும் வினையடியிலிருந்தே பிறந்தது. தமிழறியாத வைத்தியரிடம் இதனை யாரோ ஒருவர் அரைகுறையாக மொழிபெயர்த்துச் சொன்னால் என்னவாகும்? ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு அவசர சிகிச்சைக்குரியது. இரத்தக்கட்டியால் ஏற்படும் பாரிசவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் செலுத்துதல் வேண்டும். எனவே 'இழுக்கிறது' என்பதோடு நின்றுவிடாது, கைகால் வெட்டி வெட்டி அசைந்ததா, நினைவு தப்பியதா, ஒரு பக்கம் செயலிழந்ததா, எவ்வளவு நேரம் நீடித்தது என்பவற்றையும் சேர்த்துச் சொல்லுதல் அவசியமாகும். தமிழ் அரசகரும மொழியாக்கப்பட்டது 1987இல். அந்த ஏற்பாட்டின் பயன் இத்தகைய தருணத்தில் கிட்டாவிடின் வேறெப்போது கிட்டும்?

நிலத்தின் அசைவும் இவ்வாறே. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையிலும், 2025 நவம்பரில் 'டித்வா' புயலின்போது மலையகமெங்கும் நிகழ்ந்த அவலங்களை நாம் மறந்துவிடலாகாது. மண் 'சரிவது' இறுதி நிலை. அதற்கு முன்னரே நிலம் சிறுகச் சிறுக 'நகரலாம்', 'தாழலாம்', 'வெடிக்கலாம்'. லயன் அறையின் கதவு பூட்ட மறுப்பதும், மரம் சாய்வதும், ஊற்றுநீர் கலங்குவதும் அதன் அறிகுறிகள். 'நிலம் ஆடியது' என்று மட்டும் முறையிட்டால் அதிகாரிகள் நிலநடுக்கம் எனக் கருதவும் கூடும். 'சுவர் நேற்றைவிட இன்று விலகியுள்ளது' என்பதே அவர்களைச் செயற்படத் தூண்டும் வாக்கியம்.

உருவகமாக ஆளும்போதும் கவனம் தேவை. பெருந்தோட்டத் தொழிலாளரின் சம்பளம் 'படிப்படியாக' உயர்ந்ததாகச் சிலர் எழுதுகின்றனர். 2019இல் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா; 2021இல் கொடுப்பனவு சேர்த்து 1,000 ரூபா; 2024 மே தினத்தில் அறிவிக்கப்பட்ட 1,700 ரூபா நடைமுறைக்கு வராது நின்று, அவ்வாண்டு செப்டெம்பரில் 1,350 ரூபா என்றாயிற்று. ஆண்டுக்கணக்கில் அசையாதிருந்து, போராட்டத்தின் பின் ஒரு தடவை நகர்ந்து, மீண்டும் நின்றுவிடும் இந்த அசைவுக்குப் 'படிப்படியாக' என்ற சொல் பொருந்தாது. 'விட்டு விட்டு' என்பதே பொருந்தும்.

செய்தியாளரும் ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் சாதாரண மக்களின் அசைவுச் சொற்களைக் கொச்சை எனத் தள்ளிவிடாது, அவர்கள் கூறியவாறே பதிவு செய்ய முன்வர வேண்டும். பாடசாலைகளில் ஒத்த சொற்களைக் கற்பிக்கும்போது, குலுங்கல், உதறல், நடுக்கம், அதிர்வு ஆகியவற்றின் ஒப்புமையை மட்டுமன்றி வேற்றுமையையும் மாணவருக்கு எடுத்துரைத்தல் நன்று. முறைப்பாட்டை எழுதிக்கொள்ளும் அதிகாரிகளும் இதனைக் கருத்திற் கொள்வார்களென எதிர்பார்க்கின்றோம்.