வான்கோழி வேட்டையும் நம் காட்டுக்கோழியும்

பென்சில்வேனியாவில் பணிபுரியும் என் சித்தி மகன், சென்ற மே மாதக் கடைசியில் நண்பர் குடும்பத்தோடு வான்கோழி வேட்டைக்குச் சென்று வந்த கதையைத் தொலைபேசியில் சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே ஆசை. "அங்கே சர்க்கார் காட்டில் போய்ச் சுடுகிறார்கள். நமக்கு நெய்யாற்றுக் காடு இத்தனை பக்கத்தில் இருக்கிறதே, நாமும் ஒரு காட்டுக்கோழி அடித்து வரலாமே" என்கிறார்கள். மருமகன் ஒருவன் ஏர்கன் விலைகூட விசாரித்துவிட்டான். அதியன்னூர், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கங்களில் இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. ஆகவே, கூடாது என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், ஏன் கூடாது, அதற்குப் பதிலாகக் கோடை விடுமுறையின் கடைசியில் குடும்பத்தோடு காட்டுக்கோழியைக் காணப் போவதானால் எப்படி ஏற்பாடு செய்வது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அங்குள்ள நடைமுறை. பென்சில்வேனியாவில் வசந்தகால வான்கோழி வேட்டை ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மாதக் கடைசியில் முடிகிறது. உரிமம் வாங்க வேண்டும். புதிதாக வருபவர் பயிற்சி வகுப்பில் தேற வேண்டும். மார்பில் தாடிபோல் இறகுக் கற்றை தொங்கும் பறவையை மட்டுமே சுடலாம். சீசனின் முற்பகுதியில் நண்பகலோடு நிறுத்திவிட வேண்டும். வேட்டைக்கென்றே மாநில அரசு ஏறத்தாழ 15 லட்சம் ஏக்கர் நிலத்தை வைத்திருக்கிறது. சீசன் கடைசியில் பெட்டைகள் அடைகாக்கப் போய்விடுவதால், தனித்துத் திரியும் சேவல் பெட்டைக் குரலுக்கு எளிதில் மயங்கி வருமாம். அதனால் மரத்தில் முதுகைச் சாய்த்து அசையாமல் உட்கார்ந்து, மரப்பெட்டியை உரசிப் பெட்டைபோல் குரல் கொடுப்பார்கள். சிவப்பு, வெள்ளை, நீலத் துணி உடம்பில் எங்கும் தெரியக்கூடாது. வான்கோழிச் சேவலின் தலை அந்த நிறங்களில் இருப்பதால், இன்னொரு வேட்டைக்காரர் ஆளையே பறவையென்று எண்ணிச் சுட்டுவிடக்கூடும்.

இத்தனையும் படித்துவிட்டு, அவர்களுக்கு மட்டும் எப்படி அனுமதி என்று பிள்ளைகள் கேட்பது நியாயமே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் வரைமுறையற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் வான்கோழி பல மாநிலங்களில் அடியோடு இல்லாமற் போயிற்று. 1937 இல் வந்த ஒரு சட்டத்தின்படி, வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் விதிக்கும் 11 விழுக்காடு வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்கென ஒதுக்கப்பட்டது. எஞ்சியிருந்த பறவைகளை வலைவீசிப் பிடித்து, அற்றுப்போன இடங்களில் விட்டார்கள். இன்று அவை பல லட்சமாகப் பெருகியிருக்கின்றன. சுடுபவனே பறவையின் செலவையும் கட்டுகிறான் என்று சுருக்கமாகச் சொல்லலாம். (வான்கோழி நம் நாட்டுப் பறவையல்ல. 1612 இல் கோவாவிலிருந்து ஜஹாங்கீரின் அரசவைக்கு ஒன்று கொண்டுவரப்பட்டபோது, அதன் விசித்திரத்தைக் கண்டு வியந்த அரசர் மன்சூர் என்ற ஓவியரைக் கொண்டு வரையச் செய்தார்.)

நம் நாட்டின் கதை வேறு. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. இதில் நம்மவர்க்குத் தெரியாத செய்தி ஒன்றுண்டு. சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டுமல்ல. கண்ணி வைப்பது, பொறி வைப்பது, விரட்டுவது, முட்டையைச் சேதப்படுத்துவது, கூட்டைக் கலைப்பது எல்லாமே வேட்டைதான். உண்டிவில்லால் அடித்தாலும் வேட்டைதான். சில வகை ஏர்கன் வாங்க ஆயுத உரிமம் தேவையில்லை என்பதால், அதைக் கொண்டு பறவையை அடிக்கவும் தடையில்லை என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். அது முற்றிலும் தவறு. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி ஆயுதம் கொண்டு போவதே குற்றம். அங்கே வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. 2022 இல் சட்டத்தைத் திருத்தியபோது அபராதங்களையும் உயர்த்தியிருக்கிறார்கள். வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பிக்கும் வயதில் ஒரு பையன் பெயரில் இப்படியொரு வழக்கு நின்றால் அந்தக் குடும்பத்தின் நிலை என்ன? ஒரு காட்டுக்கோழிக் கறிக்கு இவ்வளவு விலையா?

இன்னொரு குழப்பம், சர்க்கார் காடு பொதுச்சொத்து, யாரும் போகலாம் என்பது. 1961 ஆம் ஆண்டின் கேரள வனச் சட்டப்படி ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே அத்துமீறல். பென்சில்வேனியாவின் வேட்டைநிலம் போன்ற ஒன்று இங்கே இல்லை. காட்டுப்பன்றியைச் சுடலாமே என்று சிலர் வாதாடுவதுண்டு. 2022 இல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கு அந்த அதிகாரத்தை அளித்தது உண்மைதான். ஆனால் அது பயிரழிக்கும் பன்றிக்கு மட்டும். சுடுபவர் உரிமமுள்ள துப்பாக்கி வைத்திருக்க வேண்டும். செத்த பன்றியைப் புதைத்துவிட வேண்டும். கறிச்சட்டிக்கு அங்கே இடமில்லை. நம் பத்மநாபசுவாமி கோயிலில் பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களில் நடக்கும் பள்ளிவேட்டையிலும் அரச குடும்பத்து மூத்தவர் இளநீர்க் காயின்மீது அம்பெய்வதோடு சரி.

எங்கள் பாட்டா காலத்தில் காட்டுக்கோழி அடித்தவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதில் கறியின் ருசியைவிட அந்தச் சேவலின் தந்திரம்தான் எனக்கு நினைவிருக்கிறது. சாம்பல் காட்டுக்கோழி தென்னிந்தியாவை மையமாகக் கொண்ட பறவை. சேவலின் கழுத்திறகுகளில் மெழுகு சொட்டியதுபோல் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள் மின்னும். அந்த இறகுதான் அதற்கு எமனாயிற்று. மேல்நாட்டில் தூண்டில் போடுபவர்கள் மீனை ஏமாற்றும் பூச்சி செய்ய அதை விரும்பி வாங்கியதால் எண்ணற்ற சேவல்கள் செத்தன. பிறகு இறகு ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பெட்டை பழுப்பு நிறம்; மார்பில் வெள்ளையும் கருப்புமாகச் செதில் போன்ற கோலம். வீட்டுச் சேவல் கூவுவதை நடுவில் வெட்டினாற்போல் இதன் கூவல் திடீரென்று நின்றுவிடும். ஒருமுறை கேட்டால் மறக்காது.

இனிப் பயணத்துக்கு வருவோம். காலந்தான் முதன்மை. பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரை இவற்றின் இனப்பெருக்க காலம். அப்போதுதான் சேவல் மிகுதியாகக் கூவும். ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் சேவல் கழுத்திறகை உதிர்த்துக் கூவலையும் குறைத்துக்கொள்ளும். பிறகு மழைக்காலம் கழிந்தபின்தான் பழைய அழகு. பிப்ரவரி, மார்ச்சில் காட்டுத்தீ பயத்தால் பல இடங்களில் அனுமதி கிடைக்காது. பிள்ளைகளுக்குத் தேர்வும் இருக்கும். ஆகவே ஏப்ரல் பிற்பாதியிலிருந்து மே நடுப்பகுதி வரை உள்ள நாட்களே நமக்கு ஏற்றவை. சீசன் கடைசிதான், ஆனால் கோடைமழையில் காடு தளிர்த்திருக்கும், கரையான் கிளம்பும், கோழிகள் அதைக் கொத்தச் சாலை ஓரத்துக்கே வரும். பிற்பகலில் இடிமின்னல் வரும் என்பதால் மதியத்துக்குள் திரும்பிவிட வேண்டும். மலைப்பக்கத்து மழையை எளிதாக எண்ண வேண்டாம். 2001 நவம்பரில் அம்பூரியில் மண் சரிந்து ஏறத்தாழ 40 பேர் இறந்ததை நம் பக்கத்துப் பெரியவர்கள் மறக்கவில்லை.

இடத்தைப் பொறுத்தவரை, நெய்யாறு சரணாலயம் 1958 இல் அமைந்தது. 128 சதுர கிலோமீட்டர். அடுத்துப் பேப்பாறை, மலைக்கு அப்பால் தமிழ்நாட்டின் களக்காடு முண்டந்துறை. தெற்கே கன்னியாகுமரிச் சரணாலயமும் இதே காட்டின் தொடர்ச்சிதான். 1956 இல் நெய்யாற்றின்கரை கேரளத்திலும் விளவங்கோடு தமிழ்நாட்டிலுமாகப் பிரிந்தபோது காடும் இரண்டு துறைகளுக்குப் பங்காயிற்று. கோழிக்கு எல்லை தெரியாது. நமக்குத் தெரிய வேண்டும். பேச்சிப்பாறைப் பக்கம் போவதானால் தமிழ்நாடு வனத்துறையின் அனுமதி தனியே பெற வேண்டும்.

முதல்முறை போகும் குடும்பத்துக்கு நான் கோட்டூர்ப் பக்கத்தைச் சொல்வேன். சரணாலயப் பார்வை நேரம் விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் தொடங்கும். கோழியோ விடியலில்தான் மேயும். எனவே காட்டுக்குள் நுழையாமல், காட்டை ஒட்டிய பொதுச் சாலையில், ரப்பர் தோட்டங்கள் முடிந்து மரங்கள் அடர்கிற இடத்தில் பார்ப்பதே நல்லது. அதியன்னூரிலிருந்து காட்டாக்கடை, பூவச்சல், குற்றிச்சல் வழியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாலரை மணிக்குப் புறப்பட்டால் ஆறு மணி வாக்கில் விடியும்போது அங்கே இருக்கலாம். பார்த்து முடித்தபின் காப்புக்காட்டு யானைப் பராமரிப்பு மையத்துக்கோ நெய்யாறு அணைக்கோ அழைத்துப் போனால் சிறு பிள்ளைகளுக்கும் மனம் நிறையும். முன்பிருந்த சிங்கப் பூங்கா இப்போது இல்லை. அதை நம்பிப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட வேண்டாம். கட்டணமும் நேரமும் மாறிக்கொண்டே இருப்பதால், முந்தின நாளே வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மரத்தடியில் இருட்டில் அசையாமல் உட்காரும் அமெரிக்க முறை நமக்கு ஆகவே ஆகாது. நம் காட்டில் யானை உண்டு. விடியும்வரை வண்டியை விட்டு இறங்காமல், கண்ணாடியைச் சற்று இறக்கிக் கூவலை மட்டும் கேளுங்கள். எந்தத் திசை என்று பிள்ளைகள் சொல்லட்டும். வெளிச்சம் வந்தபின் சாலையிலேயே மெல்ல நடக்கலாம். சருகைக் கிளறும் ஓசை கேட்டால் நின்றுவிடுங்கள். அது கோழியாக இருக்கலாம், சுண்டங்கோழியாகவும் இருக்கலாம். கைப்பேசியில் பதிவு செய்த கூவலை ஒலிக்கச் செய்து சேவலை வரவழைக்கும் வித்தையும் வேண்டாம். எதிரி வந்துவிட்டான் என்று எண்ணி அது மேய்ச்சலை விட்டுச் சண்டைக்கு ஓடிவரும். குஞ்சு உள்ள காலத்தில் அது பெருங்கேடு.

உடை பச்சை, காக்கி, பழுப்பில் இருக்கட்டும். மழை பெய்திருந்தால் அட்டை ஏறும். நீளக் காலுறையும் சிறு துணி முடிச்சில் உப்பும் போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் பைனாகுலர் ஒன்றிருந்தால் வீட்டார் அனைவரும் மாறிமாறிப் பார்க்கலாம். இட்லியும் மிளகாய்ப்பொடியும் வாழையிலையில் கட்டிக்கொள்ளுங்கள். நெகிழிப் பை எடுத்துப் போனால் தடுப்பார்கள். மிச்சச் சோற்றை ஓரத்தில் கொட்டினால் குரங்கும் பன்றியும் அங்கேயே கூடிவிடும்.

வேட்டைக்கு ஆசைப்பட்ட பிள்ளைக்கு ஒரு குறிப்பேட்டைக் கொடுங்கள். நேரம், இடம், சேவலா பெட்டையா, எத்தனை குஞ்சு என்று எழுதட்டும். சாலிம் அலி 1933 இல் திருவிதாங்கூர்ப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தபோது மாதிரிக்காகப் பறவைகளைச் சுட்டுத்தான் சேகரித்தார். அன்று அறிவியலுக்கு வேறு வழியில்லை. 2015 முதல் 2020 வரை நடந்த கேரளப் பறவை வரைபடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் ஒரு குண்டும் செலவிடாமல், பார்த்ததையும் கேட்டதையும் எழுதியே தகவல் சேர்த்தார்கள். எங்கள் மருமகனிடம் இதைச் சொல்லியபின் ஏர்கன் பேச்சு குறைந்து, பைனாகுலர் விலை பற்றிய பேச்சு வந்திருக்கிறது. அதுவும் மலிவில்லை என்பது வேறு.

வழியில் காட்டோரத்தில் கம்பிக் கண்ணியோ வலையோ கண்ணில் பட்டால் நீங்களே பிடுங்க முயல வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு அருகிலுள்ள வனக்காவல் நிலையத்தில் சொல்லுங்கள். நீங்கள் கையில் கண்ணியோடு நிற்பதை யாராவது பார்த்தால், அதை எடுத்தவர் நீங்களா வைத்தவர் நீங்களா என்று விளக்குவதற்குள் அந்தக் காலைப்பொழுது போய்விடும்.