வழியில் காற்றிறங்கினால்

தலைச்சுமையிலும் மாட்டு வண்டியிலும் சரக்குகள் சென்ற காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. இன்று நம் நெசவாள அங்கத்தினர் சங்கத்தில் நூல் பெற்றுச் செல்வதும், நெய்து முடித்த சேலைகளைக் கொண்டுவந்து ஒப்படைப்பதும் இருசக்கர மோட்டார் வண்டியிலேயே நடைபெறுகின்றன. விவசாய அங்கத்தினரோ கத்தரியையும் வெண்டையையும் அவ்வண்டியிலேயே சந்தைக்கு ஏற்றிச் செல்கின்றனர். விடியுமுன் பறித்த மல்லிகையையும் அதிலேயே பூச்சந்தைக்கு விரைந்து சேர்க்கின்றனர். ஆகவே வழியில் ஒரு டயரில் காற்றிறங்கினால் ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானமே ஆட்டங் காண்கிறது. பூ மலர்ந்துவிட்டால் விலை இறங்கும். சேலை சேற்றில் விழுந்தால் கூலி குறையும்.

முள் குத்துவதை முற்றிலும் தவிர்த்தல் எவராலும் இயலாது. சீமைக் கருவேல் மண்டிய நம் கிராமச் சாலைகளில் அது அன்றாட நிகழ்ச்சி. எனினும் முள்ளினால் நேரும் நஷ்டம் சிறிது. முள் தைத்த பிறகு பதற்றத்தினால் நாம் செய்யும் காரியங்களால் நேரும் நஷ்டமே பெரிது. இதனை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே நம் நோக்கம்.

காற்றடைத்த டயருக்கு 1845-இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் காப்புரிமை பெற்றார். ஆயினும் அது அன்று வழக்கில் நிலைபெறவில்லை. பின்னர் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதனை மீண்டும் அமைத்து, 1888-இல் காப்புரிமை பெற்றார். அது முதற்கொண்டே அது உலகெங்கும் பரவிற்று. சுமையைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. ரப்பர் அக்காற்றைக் காக்கும் உறை. காற்று வெளியேறிய பின் சுமை முழுவதும் அவ்வுறையின் மீதும் இரும்பு ரிம்மின் மீதும் விழுகிறது. இவ்வுண்மையை மனத்தில் இருத்தினால், செய்யத் தக்கது எது, தகாதது எது என்பது தானே விளங்கும்.

முதற் கடமை உயிரைக் காத்தல்

பின் சக்கரத்தில் காற்றிறங்கினால் வண்டியின் பின்புறம் பாம்பென நெளியும். முன் சக்கரமாயின் கைப்பிடி கனத்து ஒரு பக்கம் இழுக்கும். அவ்வேளையில் பிரேக்கை அழுத்திப் பிடித்தலாகாது. கைப்பிடியை நேராகப் பற்றி, ஆக்சிலேட்டரை மெல்ல விடுத்து, வண்டி தானே வேகந் தணிய இடங்கொடுக்க வேண்டும். வேகம் நன்கு குறைந்த பின்னர், காற்றிறங்காத சக்கரத்தின் பிரேக்கை மென்மையாகப் பயன்படுத்தி இடப்புறம் ஒதுங்குக. வளைவிலும் பாலத்தின் மீதும் நிற்றல் அபாயம்; சில கஜம் தள்ளிச் சென்றேனும் நேரான இடத்தில், வெள்ளைக் கோட்டுக்கு அப்பால், மண் தரையில் நிறுத்துதல் நலம்.

இரவாயின் விளக்கும் சமிக்ஞை விளக்கும் எரியட்டும். வண்டிக்குப் பின்னால் சிறிது தூரத்தில் ஒரு தழைக்கொத்தை இட்டு வைத்தல் நம் நாட்டு வழக்கம், நல்ல வழக்கமே. கல்லை அடையாளமாக வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் எடுக்காமற் செல்வது பின்வரும் ஒருவரின் உயிருக்கு உலை வைப்பதாகும். தேசிய நெடுஞ்சாலையாயின் 1033 என்ற எண்ணிலும், காயம் நேர்ந்திருப்பின் 108 அல்லது 112 என்ற எண்ணிலும் உதவி பெறலாம்.

சந்தைக்கு நேரமாகிறதே என்று காற்றற்ற சக்கரத்தின் மேல் சுமையோடு ஓட்டுவோர் பலர். பாவில் ஓர் இழை அறுந்ததைக் கண்ட பின்னும் தறியை ஓட்டும் நெசவாளர் உண்டோ? இதுவும் அத்தகையதே. ஓர் ஒட்டுடன் முடியவேண்டிய பழுது, சிறிது தூரத்திற்குள் டியூப் கிழிந்து, வால்வு பிய்ந்து, டயரின் பக்கச் சுவர் நைந்து, ரிம்மும் வளைந்து பெருஞ்செலவாகிறது. முதலில் சுமையை இறக்குக. நூலாயின் ஈரமற்ற இடத்தில், சாக்கின் மேல் வைக்குக. பழுது பார்க்கும் கடை அண்மையிலிருப்பின், ஏறி அமராமல் வண்டியைத் தள்ளிச் செல்லலாம்.

பழுது நீக்கும் முறை

டியூப் இல்லாத டயராயின் அதன் பக்கவாட்டில் ‘டியூப்லெஸ்’ என்று பொறித்திருக்கும். இவ்வகையில் ஆணி தைத்தவிடத்து அவ்வாணியே அடைப்பாக நின்று, காற்று மெதுவாகவே கசியும். கையில் கருவி இல்லாதவர் ஆணியைப் பிடுங்கலாகாது. காற்றடித்துக்கொண்டு மெதுவாகக் கடைக்குச் செல்வதே அறிவுடைமை. கருவி உள்ளவர் ஆணி புகுந்த சாய்விலேயே அதனை உருவி, முறுக்குக் கம்பியால் துளையைத் தேய்த்து, சொல்யூஷன் தடவிய ரப்பர் திரியைச் செலுத்தி, வெளியே நிற்கும் மிச்சத்தை நறுக்கிவிட்டுக் காற்றடிக்கலாம். அவ்விடத்தில் எச்சிலையோ சோப்பு நீரையோ தடவினால் குமிழி வருகிறதா என்பது தெரியும். தரையில் பதியும் பாகத்திற்கே இம்முறை ஏற்றது. பக்கச் சுவரில் துளை விழுந்தால் திரி பயன்படாது. டயரையே மாற்ற வேண்டும்.

டியூப் உள்ள டயராயின், பல சமயங்களில் சக்கரத்தைக் கழற்றாமலே வேலை முடியும். முள் இருக்கும் இடத்தை முதலிற் கண்டு அடையாளமிடுக. எஞ்சிய காற்றையும் வெளியேற்றி, இரு லீவர்களால் டயரின் ஓர் ஓரத்தை மட்டும் நெம்பி, அவ்விடத்து டியூப்பை வெளியே இழுக்க வேண்டும். துளையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகப் பூசி, அது கையில் ஒட்டாத அளவு உலரும் வரை பொறுத்திருத்தல் அவசியம். ஈரத்தில் வைத்த ஒட்டு அடுத்த மைலிலேயே பிரிந்துவிடும். பலரும் அவசரத்தினால் தவறுமிடம் இதுவே.

ஒட்டை வைத்து அழுத்திய பின், டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றிலும் துடைத்துப் பார்க்க வேண்டும். ஒளிந்திருக்கும் இரண்டாவது முள் துணியில் சிக்கும். வெறும் விரலை விட்டால் விரலிலும் தைக்கும். டியூப்பில் சிறிது காற்றடித்து வடிவம் பெறச் செய்து உள்ளே வைத்தால் அது லீவரில் நசுங்காது. டயரின் கடைசிப் பாகத்தைக் கையாலேயே அழுத்தி உட்செலுத்துவது உத்தமம். வால்வு நேராக நிற்கிறதா என்று பார்த்த பின்னரே முழுக் காற்றையும் அடிக்க வேண்டும்.

வருமுன் காத்தல்

காற்றழுத்தத்தை வாரம் ஒரு முறை, வண்டி ஓடி டயர் சூடேறுவதற்கு முன், காலையில் சோதித்தல் வேண்டும். சிறு மோட்டார் சைக்கிள்களில் முன் சக்கரத்திற்கு ஏறத்தாழ 25 பவுண்டும், தனி ஆளாயின் பின் சக்கரத்திற்கு 28 பவுண்டும், சுமையோ பின்னமர்வோரோ இருப்பின் அதனினும் கூடுதலாகவும் குறித்திருக்கக் காணலாம். வண்டிக்கு வண்டி இது வேறுபடுமாதலால் தத்தம் வண்டியின் கையேட்டில் உள்ள அளவையே பின்பற்றுக. காற்றுக் குறைந்த டயர் சுமையில் அதிகமாக மடிந்து, சூடேறி, விரைவில் நைந்துபோகும்.

டயரின் வயதை அறியவும் வழியுண்டு. அதன் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2321 என்றிருப்பின் அது 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டதாகும். மலிவு விலையில் டயர் வாங்குவோர் இவ்விலக்கத்தைப் பாராமல் பணம் கொடுத்தலாகாது.

சங்கம் செய்யத் தக்கது

இவையனைத்தையும் ஒவ்வோர் அங்கத்தினரும் தனித்தனியே வாங்கி வைத்தல் அரிதாயிருக்கலாம். அழுத்தமானியுடன் கூடிய ஒரு காற்றுப் பம்பு, இரண்டு லீவர்கள், ஒட்டுகள், சொல்யூஷன், ரப்பர் திரிகள், இவை கொண்ட ஒரு பெட்டியைச் சங்க அலுவலகத்தில் வைத்தால் அனைவர்க்கும் பயன்படும். நிர்வாகக் குழுவின் தீர்மானத்தின் மீது வாங்கி, இருப்புப் பதிவேட்டில் பதிந்து வைத்தல் வேண்டும். பதிவேட்டில் ஏறாத பொருள் சில திங்களில் சங்கத்தை விட்டுத் தானே நடந்து சென்றுவிடும் என்பது, ஆய்வுக்குச் செல்லும் நாம் பல இடங்களில் கண்ட உண்மை.

இதனினும் பெரிய உதவி ஒன்றுண்டு. அதற்குக் காசு செலவில்லை. அங்கத்தினர் தம் தொலைபேசி எண்களை ஊர்வாரியாக எழுதி ஒவ்வொருவரும் கையில் வைத்துக்கொள்க. ஒருவர் வண்டி வழியில் நின்றால், அவ்வழியே வரும் மற்றோர் அங்கத்தினர் முதலில் அவருடைய பூக்கூடையையோ சேலை மூட்டையையோ ஏற்றிக்கொண்டு போய் உரிய இடத்தில் சேர்ப்பிக்கட்டும். சரக்கு நேரத்திற்குப் போய்ச் சேர்ந்துவிட்டதென்று அறிந்தவர் பதற்றமின்றி ஒட்டு உலரும் வரை பொறுத்திருப்பார். காற்றற்ற சக்கரத்தில் ஓட்டித் துன்புறவும் மாட்டார். பெட்டியும் எண்களின் பட்டியலும் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறுமாறு அங்கத்தினர்கள் தத்தம் தலைவரிடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வார்களாக.