வால்வு ரேடியோ ஏன் நழுவுகிறது?

இலங்கை மலையகத்தில் தலவாக்கலையைத் தாண்டினால் வட்டகொடை. சுற்றிலும் மலை, நேராக வரும் அலைகளை அது மறித்துவிடும். சிற்றலையோ அயனமண்டலத்தில் பட்டு மேலிருந்து இறங்கும். ஆனால் பழைய வால்வு ரேடியோவில் அதைப் பிடித்து வைத்தால், கொஞ்ச நேரத்தில் குரல் கரகரக்கிறதே, ஏன்?

ரேடியோ, வரும் அலையோடு தானே உண்டாக்கும் அலையைக் கலந்து, இரண்டின் வித்தியாசத்தை மட்டும் பெருக்குகிறது. பல ரேடியோக்களில் அது 455 கிலோஹெர்ட்ஸ். 7,200ஐப் பிடிக்க உள்ளே 7,655 பிறக்க வேண்டும். அதைத் தீர்மானிக்கும் சுருளும் கண்டென்சரும் வால்வின் சூட்டில் அளவு மாறுகின்றன. சில கிலோஹெர்ட்ஸ் விலகினாலே போதும், பேச்சு சிதைந்துவிடும்.

இதற்கு மருந்து, குவார்ட்ஸ் படிகத்தை நம்பி அந்த உள் அலையை உண்டாக்கும் சிந்தசைசர். அத்தகைய எஸ்ஐ5351 சில்லு விரல்நுனியில் அடங்கும். பத்து லட்சத்தில் பத்துப் பங்கு பிழை இருந்தாலும் இங்கே அது 77 ஹெர்ட்ஸ்தான். பாட்டு கேட்பவருக்குத் தெரியவே தெரியாது.

எப்படி இணைப்பது? உதாரணமாக, ஈசிஎச்81 வால்வில் உள் அலையை உண்டாக்குவது டிரையோடு பகுதி. அதன் சுருளைத் துண்டித்து, சிறு கண்டென்சர் வழியே கிரிட்டுக்கு வெளி அலையைக் கொடுக்க வேண்டும். சில்லு தருவது ஏறக்குறைய 3 வோல்ட் சதுர அலை. வால்வு 8 வோல்ட் அளவு கேட்கும். ஆகவே நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் பெருக்கி அவசியம். ஏரியல் பக்கத்தை இசைக்கப் பழைய குமிழ்தான். அது அப்படியே இருப்பது நல்லது.

உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும். சில ரேடியோக்களில் இரும்புச் சட்டமே நேரடியாக மின்கம்பியோடு சேர்ந்திருக்கும். அத்தகையதில் தனிப்பு மின்மாற்றி இல்லாமல் எதையும் இணைக்காதீர்கள்.