இரண்டு பஞ்சாங்கம், ஒரு வீடு

துர்கா பூஜையின் பேரிரைச்சலுக்கு நடுவே கொலு வைக்கும் பாலிகஞ்ச் தமிழர்கள், எதைக் குறைப்பது, எதை விடக்கூடாது என்று கணக்குப் போடக் கற்றிருக்கிறார்கள்.

மகாளய அமாவாசை வந்துவிட்டால் தெற்குக் கொல்கத்தாவின் பாலிகஞ்ச் வட்டாரத்தில் இரண்டு வகைக் கட்டுமான வேலை நடக்கிறது. வெளியே ஏக்டாலியா எவர்கிரீன், சிங்கி பார்க், மேடாக்ஸ் ஸ்கொயர் பந்தல்களில் மூங்கிலும் துணியும் விளக்குச் சரங்களும். உள்ளே, அடுக்குமாடி வீடுகளின் கூடங்களில், பெட்டியிலிருந்து இறங்கும் மரப்பாச்சியும் செட்டியார் பொம்மையும். முதலாவதைப் பார்க்க ஊரே திரளும். இரண்டாவதற்கு ஒரு மாலையில் பத்துப் பேர் வந்தால் அதிகம். ஆனாலும் படி கட்டுவது நிற்கவில்லை.

இந்த ஊருக்குத் தமிழர்கள் வந்தது வேலைக்காக. 1907இல் அரசு நிதித்துறை அதிகாரியாக வந்திறங்கியவர் சி.வி. ராமன், நோபல் பரிசெல்லாம் பிற்பாடு. அவரைப் போல அலுவலக நாற்காலியை நம்பி வந்த கணக்காளர்களும் ஸ்டெனோகிராபர்களும் வங்கி ஊழியர்களும் ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிக் குடியேறினார்கள். அதன் பலன், லேக் மார்க்கெட்டில் இன்றும் வாழையிலை, கறிவேப்பிலை, தொடுத்த பூ, காப்பிப்பொடி எல்லாம் கிடைக்கிறது. பண்டிகைச் சாமான்களுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் நேரத்துக்குத்தான்.

கணவன், மனைவி இருவருமே வேலைக்குப் போகும் வீட்டில் ஒன்பது நாள் பூஜை, ஒன்பது வகைச் சுண்டல், தினமும் வெற்றிலை பாக்கு என்பது நடக்கிற காரியமில்லை. எனவே பல வீடுகளில் ஒன்பது படி ஐந்தாகி, ஐந்து மூன்றாகிவிட்டது. ஆனால் மூன்று படியும் அக்கறையோடு வைக்கப்படுகிறது. கிருஷ்ணநகரின் களிமண் பொம்மைகள் காஞ்சிபுரம், பண்ருட்டி பொம்மைகளோடு சரிசமமாக உட்காருகின்றன. முதல் நாள் இரவே ஊறப்போட்ட கடலை, காலையில் குக்கரில் நாலு விசில், தேங்காய்த் துருவல்: நிவேதனம் முடிந்தது.

அழைப்பிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சஷ்டி தொடங்கிவிட்டால் கரியாஹாட் சாலையைக் கடப்பதே சாகசம். ஆகவே விருந்தினரை முதல் ஐந்து நாட்களுக்குள், முடிந்தால் அதில் வரும் ஞாயிற்றுக்கிழமையில் கூப்பிட்டுவிடுவது உத்தமம். அஷ்டமி காலையில் இவர்களும் பந்தலுக்குப் போய்ப் புஷ்பாஞ்சலி செய்கிறார்கள். வெங்காயம், பூண்டு சேர்க்காத போக் கிச்சடி வாங்கிச் சாப்பிடுகிறார்கள். மாலையில் வீட்டுக் கொலுவுக்கு விளக்கு. இரண்டு இடத்திலும் அம்பாள் ஒருத்திதான் என்பதால் மனச்சாட்சிக்குச் சிக்கலில்லை.

விடியலில் எண்ணெய், இரவில் வெடி

நவராத்திரியின் கடைசி நாட்களுக்குக் கொல்கத்தாவில் விடுமுறை தாராளம். மற்ற பண்டிகைகள் அந்தப் பாக்கியம் செய்யவில்லை. தமிழ்நாட்டைப் போலப் பொங்கலுக்குத் தொடர் விடுமுறை இங்கே கிடையாது. அதே சங்கராந்திக்கு அண்டை வீட்டில் புது வெல்லம் போட்டுப் பிட்டே செய்வார்கள். இங்கே பொங்கல் பொங்கும். பிறகு எல்லோரும் ஆபீசுக்கு ஓடுவார்கள். சித்திரை முதல் தேதி கொண்டாடி முடித்தால், வங்காளப் புத்தாண்டு பெரும்பாலும் மறுநாள்.

தீபாவளி இன்னும் சுவாரசியம். 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளிலும் தமிழர் தீபாவளியும் காளி பூஜையும் ஒரே தேதியில் வந்தன. ஆனால் ஒன்று விடியலுக்கு உரியது, மற்றது நள்ளிரவுக்கு. முந்தின மாலை வங்காள வீடுகளில் 14 விளக்கு ஏற்றி, 14 வகைக் கீரை சமைக்கிறார்கள். பொழுது விடிவதற்குள் தமிழ் வீட்டில் எண்ணெய்க் குளியல். இரண்டுக்கும் அடிப்படை ஒரே சதுர்த்தசி திதி.

பட்டாசு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகவில்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம் என்று வரம்பு கட்டியபோது, தமிழ்நாட்டுக்கு அதைக் காலையும் மாலையுமாகப் பிரித்துக்கொள்ள வழி கிடைத்தது. மேற்கு வங்கத்திலோ இரவு 8 முதல் 10 வரைதான். கங்கா ஸ்நானம் செய்து புதுச்சட்டை போட்ட குழந்தை, மத்தாப்பு கொளுத்த 14 மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருப்பில் ஒரு லாபம்: அதற்குள் அதிரசமும் முறுக்கும் மாடிக்கு மாடி போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

குழந்தைகளுக்கு இரட்டை வரவும் உண்டு. நவராத்திரி நவமியில் ஒரு சரஸ்வதி பூஜை, வசந்த பஞ்சமியில் வங்காளத்தின் சரஸ்வதி பூஜை. ஆண்டுக்கு இரண்டு முறை புத்தகத்தைத் தொடாமல் இருக்க அனுமதி. விஜயதசமியில் தமிழில் ‘அ’ எழுதிய விரல், வசந்த பஞ்சமியின் ஹாதேகொடியில் வங்காள எழுத்தைப் பழகலாம். அந்தப் பூஜை முடியும்வரை இலந்தைப் பழம் தின்னக் கூடாது என்ற வங்காளக் கட்டுப்பாடு தமிழ்ப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம்.

பெட்டியைத் திறப்பது யார்?

விஜயதசமியன்று இரண்டு மரபுகளும் விடைபெறும் விதம் வேறு. வங்காளத்தின் களிமண் துர்க்கை ஹூக்ளியில் கரைகிறாள். அடுத்த ஆண்டு குமார்துலியில் புதிதாகப் பிறப்பாள். தமிழ் வீட்டில் இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறார்கள். பாட்டியின் பொம்மை பேத்திக்கு என்பது கணக்கு.

அந்தக் கணக்குதான் இப்போது இடிக்கிறது. படித்த பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட, பல வீடுகளில் வயதான தம்பதி மட்டும். பரணில் ஏறிப் பெட்டியை இறக்கவே ஆள் தேட வேண்டியிருக்கிறது. கடல் கடந்த பிள்ளைகள் அங்கே சனி, ஞாயிறு பார்த்து கொலுவுக்கு அழைக்கிறார்கள். தேதி நகர்ந்தாலும் பரவாயில்லை, ஆள் வர வேண்டும் என்ற பாடம் அவர்கள் பாலிகஞ்சில் கற்றதாகவே இருக்கலாம்.

இங்கே, பொம்மைகளைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது வாசல் மணி அடிக்கிறது. விஜயாவின் தேங்காய் நாருவோடு எதிர் வீட்டு போவ்தி. தட்டை வெறுமனே திருப்பித் தரக்கூடாது. மிச்சமிருந்த சுண்டல் அதில் போகிறது. கூடவே, பெட்டியைப் பரணில் ஏற்ற அவர் பிள்ளையை அனுப்பச் சொல்லி ஒரு வேண்டுகோளும்.